பன்னிரண்டாவது படிவம்

நெதர்லாந்து,
8 ஜனவரி 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உமாராணி எழுதுகிறேன். இங்கே குளிர் எலும்பு வரைக்கும் போகிறது, மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. உங்கள் காது எப்படி இருக்கிறது? புது மெஷின் மாட்டிக்கொள்கிறீர்களா, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்களா? சித்தியின் முழங்கால் வலி குறைந்ததா? தீபாவளிக்குச் சித்தியின் கைப்பேசிக்கு இரண்டு முறை அழைத்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று வந்தது.

ஃபோனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது, கைப்பேசியில் தட்டி எழுதுவது தோட்டத்துக் கணக்கெழுதிய ஒரு கிராணிக்கு அழகில்லை என்பீர்கள். அதனால் தாளிலேயே வருகிறேன். ஒரு உதவி வேண்டும்.

அப்பாவின் கருமாதிக்கு வந்திருந்தபோது, உங்கள் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து பன்னிரண்டு வீடுகளுக்குப் போய்ச் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை வைஃபையோடு மாட்டினோமே, நினைவிருக்கும். அந்த வீட்டிலிருந்து இணையம் எந்த வழியாக, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அந்தப் பெட்டி அளந்து எங்களுக்குச் சொல்கிறது. இப்படி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வீடுகளில் விருப்பப்பட்டவர்கள் வைத்திருக்கிறார்கள். இதுவரை அளந்தது மட்டும்தான். இனி என் ஆய்வுக்காக அதே பெட்டிகளைக் கொண்டு ஒரு பாதுகாப்புச் சோதனை செய்யப்போகிறேன். அதில் ஒரு சின்ன ஆபத்து உண்டு. இணைய நிறுவனம் சந்தேகப்பட்டு வீட்டுக்காரரின் லைனை நிறுத்தி வைக்கலாம். ஆகவே, லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் படித்துப் பார்த்து, சம்மதம் என்றோ விருப்பம் இல்லை என்றோ தன் கையால் எழுதித் தரவேண்டும். சம்மதம் இல்லாத வீட்டின் பெட்டியைக் கழற்றி வாங்கிக்கொள்வோம்.

பன்னிரண்டு படிவங்கள், தமிழிலும் மலாயிலும், இத்துடன் இருக்கின்றன. உங்கள் வீட்டு லைன் சித்தி பெயரில் இருப்பதால் அதில் சித்திதான் கையெழுத்திட வேண்டும். ஜூன் கடைசிக்குள் வந்தால் போதும்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
உமாராணி


பீடோங்,
29 ஜனவரி 2024

அன்பு மகள் உமாவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. குளிருக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள், அங்கே கிடைக்காவிட்டால் எழுது. இங்கே வெயிலும் ரப்பர் பால் வாடையும் வழக்கம்போல. என் காது மெஷின் அலமாரியில் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது. வலது காதருகே வந்து பேசினால் அது இல்லாமலே கேட்கும். சித்தி நலம்.

ஜூன் வரை எதற்கு? பன்னிரண்டு படிவத்தையும் ஒன்றரை நாளில் முடித்துவிட்டேன், இத்துடன் வருகின்றன. உன் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பாரோ என்னவோ, தோட்டத்தில் முன்னூறு குடும்பத்துக்கு நான்தான் எல்லாம். நீல ஐசி அடையாள அட்டை விண்ணப்பம், சேமநிதி வாரிசுப் படிவம், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, எதுவானாலும் நான் நிரப்பி, கையெழுத்து வரவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுவேன். அதன் மேல் அவர்கள் போடுவார்கள். என்ன ஏது என்று ஒருவர் கேட்டதில்லை. இப்போதும் அப்படித்தான். "கிராணி கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்" என்று மெர்போக் சுப்பிரமணியம் கண்ணாடி கூடப் போடாமல் போட்டார். பீடோங் சாப்பாட்டுக் கடை முகம்மது கவுஸ் கறி அள்ளிய கையைத் துடைத்துக்கொண்டு போட்டார். பிரேமாவதி வேலைக்குப் போயிருந்தாள், அவள் கணவர் சுகுமாரன் அவளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

உன் ஆய்வு சிறக்கட்டும். பெட்டியின் பச்சை விளக்கு விடாமல் எரிகிறது. கூடத்தில் அதற்கு எதிரில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடிக்கடி எழுது.

என்றும் உன் நலம் நாடும் சித்தப்பா,
பரஞ்சோதி


நெதர்லாந்து,
20 பிப்ரவரி 2024

அன்புள்ள சித்தப்பா,

படிவங்கள் கிடைத்தன. இவ்வளவு அலைந்திருக்கிறீர்களே என்று மனம் நெகிழ்ந்துபோனது. அதனால் அடுத்து எழுதுவதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

இவற்றை நான் பயன்படுத்த முடியாது. பன்னிரண்டிலும் சம்மதம் என்ற கட்டத்தில் ஒரே பேனா, ஒரே கை. அது உங்கள் கை. கையெழுத்துகள் மட்டும்தான் அவர்களுடையவை, பிரேமாவதி அக்காவின் படிவத்தில் அதுவும் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு கேட்பது கையெழுத்தை அல்ல. என்ன நடக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியுமா, மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா, இதைத்தான் கேட்கிறது. புதுப் படிவங்கள் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து பென்சில் குறி வேண்டாம்.

வேறொன்று. பிப்ரவரி 9 முதல் 11 வரை உங்கள் வீட்டுப் பெட்டி அணைந்திருந்தது. மற்ற பதினொன்றும் எரிந்தன. என்ன ஆயிற்று? சித்தியின் எண் இன்னும் கிடைக்கவில்லை. புது எண் இருந்தால் எழுதுங்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உமா


பீடோங்,
10 மார்ச் 2024

உமாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என நம்புகிறேன்.

முப்பத்தெட்டு ஆண்டு கிராணி வேலை பார்த்தேன். துரைமார் ஏழு பேர் மாறினார்கள். நான் அனுப்பிய ஒரு படிவம் திரும்பி வந்ததில்லை. உன்னிடமிருந்து பன்னிரண்டும் திரும்பி வந்திருக்கின்றன.

அந்த மூன்று நாள் கரண்ட் இல்லை. சித்தியின் ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது.

பரஞ்சோதி


நெதர்லாந்து,
28 மார்ச் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் சுகம் என்று ஒரே சொல்லில் எழுதியதிலேயே எவ்வளவு மனம் நொந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தது. காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் விடமாட்டேன், நானும் உங்கள் வீட்டு ரத்தம்தானே.

சோதனை என்ன என்று நான் சரியாக விளக்கவில்லை, தப்பு என்னுடையது. நீங்கள் பீடோங் அஞ்சலகத்தில் ஒரு கடிதம் போடுகிறீர்கள். அதன் பின்பக்கம் அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயரை எழுதாமல், ஒன்றும் அறியாத வேறொருவர் பெயரை எழுதிவிடுகிறீர்கள். அஞ்சலகம் அதைப் பிடிக்குமா, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுமா? இணையத்தில் திருட்டு வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் அடுத்தவர் முகவரியைப் போட்டு அனுப்புகிறார்கள். பழி வேறு யார் தலையிலோ விழுகிறது. எந்த நிறுவனம் இதைத் தடுக்கிறது, எது விடுகிறது என்று கண்டுபிடிக்க, பெட்டி தினமும் அப்படிப் பொய் முகவரியோடு சில தகவல்களை நாங்களே வைத்திருக்கும் கணினிக்கு அனுப்பும். நிறுவனம் விழித்துக்கொண்டால் அந்த வீட்டு லைன் மீது சந்தேகப்படும்.

முன்பு எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே ஒருவர் கேட்காமல் இப்படிச் செய்தார். ஒரு பெண்ணின் லைன் ஒன்பது நாள் நின்றது. வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்தவர், வேலை போய்விட்டது. ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. காரணம் கேட்டு அவர் எங்களுக்கு எழுதிய கடிதத்தை நான்தான் கோப்பில் வைத்தேன்.

காலையில் கணினியைத் திறந்ததும் உங்கள் கெடா மாநிலத்தின் பன்னிரண்டு புள்ளிகளைத்தான் முதலில் பார்க்கிறேன். இந்த ஊரில் என்னிடம் தமிழில் பேச ஒருவர் இல்லை. அப்பா போனபிறகு அந்தப் பக்கம் எனக்கு நீங்களும் சித்தியும்தான். அந்தப் புள்ளிகள் பச்சையாக இருந்தால் ஊரில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அசட்டுத்தனம்தான்.

போங்கள் சித்தப்பா. இந்த முறை மெதுவாக. மாட்டேன் என்று யாராவது சொன்னால் அதையும் வாங்கி வாருங்கள்.

உங்கள் பிடிவாதக்கார மகள்,
உமா


பீடோங்,
5 மே 2024

அன்பு மகள் உமாவுக்கு,

உடம்பு தேவலை. மழை பிடித்துக்கொண்டதால் தாமதம். அதோடு இந்த முறை ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டேன். பென்சிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

முதலில் கவுஸ் பாய். கூட்டம் ஓய்ந்தபிறகு உட்காரவைத்து, உன் அஞ்சலக உதாரணத்தைச் சொன்னேன். மனிதர் உஷாராகிவிட்டார். "கிராணி, லைன் கட்டாச்சுன்னா என் கடையில க்யூஆர் ஓடாதுலா. பேக்டரி பிள்ளைங்கல்லாம் ஃபோனக் காட்டித்தான் சாப்பிடுதுங்க. வேணாம்" என்றார். "அப்ப போன தடவ எதுக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்க, போட்டேன். உங்க மூஞ்சிக்கு நேரா எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றார். மோட்டாரை எடுத்து வீடு வரும்வரை அதுவே காதில் இருந்தது. எனக்குக் காது கேட்காது, ஆனால் இது கேட்டது.

மெர்போக் சுப்பிரமணியம் இரண்டு கட்டங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "மாட்டேன்னும் சொல்லலாமா?" என்று மூன்று தடவை கேட்டார். சொல்லலாம் என்றேன். "சொன்னா யாருக்கும் கோவம் வராதா?" வராது என்றேன். காப்பி வந்தது, குடித்தோம். ஒரு மணி நேரம் யோசித்தார் உமா. அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு சம்மதம் என்ற கட்டத்தில் தானே குறி போட்டார். "எழுபத்தோரு வயசுல என்னைய ஒருத்தன் வந்து ஒனக்கு இஷ்டமான்னு கேட்டது இப்பத்தான் கிராணி" என்றார். கிளம்பும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் கட்டிக்கொடுத்தார்.

பிரேமாவதி வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை. "என் பேர்ல இனிமே யாரும் கையெழுத்துப் போட வேணாம். நீங்க போட்டது வரைக்கும் போதும்" என்றாள். விருப்பம் இல்லை என்று குறித்து, கையெழுத்திட்டு, படிவத்தை மடிக்காமல் நீட்டினாள். அவள் முன்கோபக்காரி, நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஏழு சம்மதம், நான்கு மறுப்பு. நான்கு பெட்டிகளையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் மத்தியானம் வரை பேச்சு. இத்தனை பேரோடு இத்தனை நேரம் பேசி நாளாகிறது.

பன்னிரண்டாவது நம் வீடு. சித்தி படித்துப் பார்த்துச் சம்மதம் போட்டிருக்கிறாள். அதுவும் இருக்கிறது. இனி உனக்கு மனக்குறை இருக்காது.

உன் பதிலை எதிர்பார்க்கும் சித்தப்பா,
பரஞ்சோதி


நெதர்லாந்து,
22 மே 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உடம்பு தேவலை என்றதில் நிம்மதி. அந்த நான்கு மறுப்புகளைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். குழுவில் கவுஸ் மாமாவின் க்யூஆர் கதையை மொழிபெயர்த்துச் சொன்னேன். உங்களைப்போல ஒருவர் எல்லா நாட்டிலும் வேண்டும் என்றார்கள்.

பன்னிரண்டாவதை மட்டும் குழுவிடம் கொடுக்கவில்லை. என்னிடமே வைத்திருக்கிறேன்.

நான் ஆறாம் வகுப்புச் சோதனை எழுதியபோது சித்தி எனக்கொரு வாழ்த்து அட்டை அனுப்பினார். எங்கே போனாலும் அதைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போவேன். அதிலுள்ள கையெழுத்து குண்டு குண்டாக, இடம் போதாமல் கீழே இறங்கி வரும். படிவத்தில் இருப்பது சாய்ந்து, நேராக, கணக்குப் புத்தகத்தில் எழுதுவதுபோல இருக்கிறது.

சித்தப்பா, சித்தி வீட்டில்தான் இருக்கிறாரா?

உமா


நெதர்லாந்து,
8 ஜூலை 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டி எரிகிறது, அதனால் வீட்டில் கரண்ட் இருக்கிறது என்று தெரிகிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கெடுவைச் செப்டம்பர் கடைசி வரை தள்ளி வாங்கியிருக்கிறேன். படிவத்துக்காக இல்லை. எழுதுங்கள்.

உமா


பீடோங்,
21 ஜூலை 2024

அன்பு மகள் உமாவுக்கு,

உடல் நலம்தான். உன் இரண்டு கடிதங்களும் மேசை மேல் இருக்கின்றன. பதிலை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது, இதைக் கிழிக்கப்போவதில்லை.

உன் சித்தி வீட்டில் இல்லை. போய் ஒரு வருடம் ஆகிறது. யான் ஊரில் அவள் தங்கை நளினி வீட்டில் இருக்கிறாள். ஃபோன் தண்ணீரில் விழவில்லை, நான் அழைக்கக்கூடாது என்று எண்ணை மாற்றிவிட்டாள். உறவுக்காரர்களிடமெல்லாம் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கையுறைத் தொழிற்சாலையில் அவள் சோதனைப் பிரிவில் இருந்தது உனக்குத் தெரியும். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருடம். அறுபது வயது முடிந்ததும், விரும்பினால் ஒப்பந்தத்தில் தொடரலாம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "தொடர்றேன்னு போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் எல்லாப் படிவமும் நான்தானே.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. காது போய்க்கொண்டிருந்தது. காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனால், சாயங்காலம் வரை அந்த வீட்டில் நான் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. எனக்கு அவள் வீட்டில் இருக்கவேண்டும் என்றிருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொடர விருப்பம் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டு, அவள் பெயரை நானே எழுதி, மறுநாள் கவரில் போட்டு ஒட்டி அவளிடமே கொடுத்தனுப்பினேன்.

வேலை நின்றபோது, கம்பெனி தன்னை வேண்டாம் என்று தள்ளிவிட்டது என்று நினைத்தாள். எட்டு மாதம் அப்படியே நினைத்திருந்தாள். "அத்தனை வருசத்துல ஒரு ஓட்டைய நான் விட்டதில்லையே, என்னைய ஏன் வேணாம்னாங்க?" என்று சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அழுவாள். நான் தேற்றினேன் உமா. பக்கத்தில் உட்கார்ந்து, கம்பெனிக்காரன் எல்லாம் அப்படித்தான் என்று சொல்லித் தேற்றினேன்.

பிரேமாவதி அங்கே அலுவலகத்தில் இருக்கிறாள். ஒரு நாள் பசாரில் உன் சித்தியைப் பார்த்து, "நீங்கதானக்கா வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க" என்று சொல்லிவிட்டாள். உன் சித்தி மருதம்மாள் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. என் வலது காதருகே வந்து, "நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் ஒரு பையோடு பஸ் ஏறினாள்.

பிப்ரவரியில் பெட்டி அணைந்ததும் கரண்ட் கோளாறு இல்லை. காய்ச்சலில் விழுந்து சுங்கை பட்டாணியில் மருத்துவமனையில் கிடந்தேன். போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் எங்கே போயிருந்தாய் என்று கேட்க ஒருவர் இல்லை. மூன்று வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. பெட்டி ஏன் அணைந்தது என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோபமாகப் பதில் எழுதிய அன்றும் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பெட்டி போய்விட்டால் நீ இந்த வீட்டை எட்டிப் பார்க்க என்ன காரணம் இருக்கிறது? அதற்காகத்தான் அவள் பெயரை மறுபடியும் எழுதினேன். ஊரெல்லாம் போய், உனக்கு இஷ்டமா என்று கேட்டுவிட்டு வந்து, அதே கையால் எழுதினேன்.

பரஞ்சோதி


நெதர்லாந்து,
6 ஆகஸ்ட் 2024

சித்தப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது.

எனக்குக் கோபம் வந்தது. சித்திக்காக வந்தது. எட்டு மாதம் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாரே, அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. நீங்கள் காய்ச்சலில் தனியாகக் கிடந்ததையும் நினைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடவில்லை.

நீங்கள் எழுதிய படிவத்தைக் கிழித்துவிட்டேன், குழுவிடம் சொல்லவில்லை. இத்துடன் ஒரு வெற்றுப் படிவம் இருக்கிறது. லைன் இன்னும் சித்தி பெயரில்தான் இருக்கிறது. நான் எழுதிக் கேட்கலாம், நளினி சித்தியின் முகவரி கிடைக்காமல் போகாது. ஆனால் கேட்க வேண்டியவர் நான் இல்லை. போகமுடியாது என்றால் பெட்டியைக் கழற்றி மற்ற நான்கோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

மருந்துகளைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உமா


பீடோங்,
15 செப்டம்பர் 2024

அன்பு மகள் உமாவுக்கு,

நீ சுகமா? நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். போன வியாழக்கிழமை யானுக்குப் போய்வந்தேன்.

படிவம் வந்து மூன்று வாரம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். இரண்டு தடவை மெர்போக் வரை போய், சுப்பிரமணியம் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். வியாழக்கிழமை அவர் வீட்டில் நிற்காமல் சிங்கிர் தாண்டிப் போய்விட்டேன். அறுவடை முடிந்து வயலெல்லாம் கட்டையாக நின்றது, ஜெராய் மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. நளினி கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஒரு நாற்காலியை வாசலில் போட்டாள்.

மருதம்மாள் நாலு மணிக்கு வந்தாள். அங்கே ஒரு நெல் ஆலையில் அரிசியின் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாளாம். இளைத்திருக்கிறாள், ஆனால் நடை வேகமாக இருக்கிறது. முழங்காலைப் பற்றி நான் கேட்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். படிவத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை அவள் பெயரை நானே எழுதி ஏமாற்றினேன் என்பதை முதலில் சொன்னேன். ஒன்று தொழிற்சாலைக்கு, ஒன்று உனக்கு. ஜனவரியில் அனுப்பியதையும் சேர்த்தால் மூன்று. அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் கேள்வி கேட்டாள். பொய் முகவரி என்றால் யாருடைய முகவரி? லைன் நின்றால் யார் போய்ப் பேசுவது? ஒத்துக்கொண்டபிறகு பாதியில் வேண்டாம் என்றால் விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் எனக்குப் பதில் தெரிந்தது. மற்றதற்குத் தெரியாது, உமாவைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். நாற்பது வருடத்தில் எனக்குத் தெரியாது என்று அவளிடம் நான் சொன்னதில்லை. அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, உடனே நின்றுவிட்டது.

"உமா நல்ல பிள்ள. அவ வேலையும் நல்ல வேலதான். ஆனா நான் இல்லாத வீட்டுல, எனக்குத் தெரியாம, என் பேர்ல ஒன்னு நடக்க வேணாம்" என்றாள். விருப்பம் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். நீ எழுதியது சரி, இடம் போதாமல் கீழே இறங்கித்தான் வருகிறது. எத்தனையோ ஆயிரம் கையெழுத்து வாங்கியவன் நான், அவள் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

படிவத்தை மடித்து வைத்தபிறகு இன்னொன்றும் கேட்டேன். அதற்குப் படிவம் இல்லை. "வீட்டுக்கு வர இஷ்டமா, இஷ்டம் இல்லையா? இல்லேன்னா காரணம் சொல்ல வேண்டியதில்ல" என்றேன். உன் படிவத்தில் இருக்கும் வாசகம்தான். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் வலது பக்கம் வந்தாள். மெஷின் இருந்தும் வந்தாள்.

"இஷ்டம் இல்லங்க" என்றாள்.

காரணம் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் போய்விடச் சொன்னாள். வழியில் மழை.

அவள் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரமாகக் குழுவிடம் சேர்த்துவிடு, அது நிஜம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததும் பெட்டியைக் கழற்றிவிடுவேன். ஐந்தையும் ஒரே கட்டாக அனுப்புகிறேன்.

இனி உன் கணினியில் என் வீடு தெரியாது. விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று பார்த்து நீ தெரிந்துகொள்ள முடியாது. நான் இருக்கிறேனா என்று தெரிய நீ எழுதித்தான் கேட்கவேண்டும். எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை, உனக்கு இஷ்டமா என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
பரஞ்சோதி